சுரங்கமும் வண்டற்குளமும்

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளால் வாழும் சீமை. சென்னையிலிருந்து தெற்கு நோக்கி இருப்புப்பாதை வழியே செல்வோர், செங்கற்பட்டை அணுகும்போது பாதையை ஒட்டிக் கொளவாய் ஏரி விரிந்து கிடப்பதைக் காண்பர். இன்னும் தெற்கே மதுராந்தகத்துப் பேரேரி உளது. பாலாறு இந்நாட்டின் ஊடே ஓடி, மாமல்லபுரத்திற்குத் தெற்கே கடலோடு கலக்கின்றது. எனினும் ஆண்டின் பெரும்பகுதியில் அவ்வாற்றில் மணலே காட்சியளிக்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெய்யும் மழையைப் பிடித்து வைத்தாலன்றி இங்கே உழவு நடவாது. இதனை உணர்ந்த முன்னோர், நிலம் சரியும் திசை பார்த்துத் தாழ்ந்த இடந்தோறும் கரை கட்டி மழைநீரைத் தேக்கினர்.

ஏரிக்கு உறுப்புகள் பல. நீரைக் கொண்டு வருவது வரத்துக்கால். நீரைத் தாங்கி நிற்பது கரை. வேண்டும் அளவு நீரை வயலுக்கு விடுவது மதகு. மிகுந்த நீரைக் கரைக்குக் கேடு நேராமல் வெளியேற்றுவது கலிங்கு. மழைக்காலத்தில் வரத்துக்கால் ஓரத்தில் நின்று பாருங்கள். வரும் நீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு சிவந்து ஓடி வரும். சில நாள் கழித்து ஏரிக்கரையில் நின்று பாருங்கள். அதே நீர் தெளிந்து, வானத்தின் நிறத்தைத் தன்னிடத்தே காட்டும். இடையில் நிகழ்ந்தது யாது? ஓடிவந்த நீர் நின்றது. நின்றதனால் சுமந்து வந்த மண்ணைக் கீழே வைத்துவிட்டது. இச்சிறு செய்தியை அடிப்படையாகக் கொண்டே, இன்று நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வரும் சேற்றுநீரைத் தெளிவிக்கும் குளங்களை அமைக்கின்றனர். அக்குளங்களின் இயல்பை அறிவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

செங்கற்பட்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி உளது. அங்கே 1930களில் சம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கருநிறப் பொருளொன்று வெளிப்பட்டது. ஆராய்ந்தோர் அதனைப் பழுப்பு நிலக்கரி என்று கண்டனர். பின்னர் 1956ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் தலைமையமைச்சர் சவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் அதனை எரித்து மின்னாற்றல் ஆக்கத் தொடங்கினர். செங்கற்பட்டில் ஒரு மாணவன் இரவில் விளக்கேற்றிப் படிக்கின்றான் என்றால், அவ்வொளியில் நெய்வேலிக் கரிக்கும் பங்கு இருத்தல் கூடும்.

நெய்வேலிச் சுரங்கம், பூமிக்குள் வழி குடைந்து செல்லும் சுரங்கமன்று. மேலுள்ள மண்ணை முழுவதும் அகற்றிக் கரியை வெளிப்படுத்தும் திறந்தவெளிச் சுரங்கம். பல இடங்களில் அம்மேல்மண் 50 மீட்டருக்கும் மிகுந்த கனமுடையது. ஒரு டன் கரியை எடுப்பதற்கு 5 கன மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டியுள்ளது. வாளிகள் பொருத்திய பெருஞ்சக்கரங்களை உடைய பொறிகள் அம்மண்ணை வெட்டுகின்றன. ஓடும் பட்டைகள் அதனைச் சுமந்து சென்று குன்றுபோலக் குவிக்கின்றன. புல்லின் வேரும் மரத்தின் வேரும் பிடித்திராத இப்புதுமண்ணின்மேல் வடகிழக்குப் பருவமழை பெய்தால் என்னாகும்? ஒவ்வொரு துளியும் மண்ணை இடித்துப் பெயர்க்கும். துளிகள் கூடி ஓடையாகிப் பெயர்ந்த மண்ணை வாரிச் செல்லும்.

ஏரியில் படியும் வண்டல் நல்ல உரமாயிற்றே, இதனால் கேடு என்ன என்று சிலர் கேட்கலாம். எல்லா வண்டலும் ஒன்றன்று. ஏரிவண்டல், வயலின் மேல்மண்ணும் இலைதழை மக்கியதும் சேர்ந்தது. ஆகவே உழவர் கோடையில் அதனை வண்டியிலேற்றி வயலில் இடுவர். சுரங்க மண்ணோ, ஆழத்திலிருந்து வெட்டியெடுத்தது. மக்கிய பொருள் அற்றது. பயிருக்கு ஊட்டம் அளிக்காதது. அது வயலில் பரவினால் நல்ல மண்ணை மூடிவிடும். வாய்க்காலில் படிந்தால் நீர்வழியை அடைத்துவிடும். ஏரியில் சேர்ந்தால் நீர் நிற்கவேண்டிய இடத்தைத் தானே கவர்ந்துகொள்ளும். ஏரியில் ஒரு முழம் மண் உயர்ந்தால், ஒரு முழம் நீர் குறைந்தது என்பதே பொருள்.

இது வெறுங்கற்பனை அன்று. நெய்வேலிச் சுரங்கப் பகுதியை அடுத்துப் பரவனாறு என்னும் சிற்றாறு ஓடுகின்றது. சுரங்கத்து நீர் வாலாஜா ஏரிக்கும், இவ்வாற்றின் வழியே பெருமாள் ஏரிக்கும் செல்லுகின்றது; உழவர் பலர் அந்நீரை நம்பிப் பயிரிடுகின்றனர். ஆகவே அந்நீர் அவர்களுக்கு வரமாகும். ஆயினும் இவ்விரண்டு ஏரிகளிலும் மண் படிந்து கொள்ளளவு குறைந்தமையால், அவ்வுழவர் பல்லாண்டு முறையிட நேர்ந்தது. வாலாஜா ஏரி 2010களில் நிலக்கரி நிறுவனத்தின் பொருளுதவியோடு தூர் வாரப்பெற்றது. நீர் வேண்டும், மண் வேண்டா என்பதே உழவர் கோரிக்கை. நீரையும் மண்ணையும் சுரங்கத்தின் எல்லைக்குள்ளேயே பிரித்துவிட்டால், அக்கோரிக்கை நிறைவேறும். அவ்வாறு பிரிக்கும் இடத்தையே நாம் வண்டற்குளம் என்கிறோம்.

குளம் வெட்டுமுன் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, தூய நீரைச் சேற்றோடு சேரவிடாமை. சுரங்கத்திற்கு வெளியே மேட்டுநிலத்தில் பெய்யும் மழை தெளிந்த நீராகவே வரும். சுரங்கத்தைச் சுற்றி மாலைபோல் வாய்க்கால் வெட்டி, அந்நீரைப் புறத்தேயே திருப்பிவிட வேண்டும். இரண்டாவது, மண்ணை இருந்த இடத்திலேயே நிறுத்துதல். மண்குன்றின் சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியும் உட்புறம் சற்றே சாய்ந்திருக்கச் செய்தால் நீரின் வேகம் தணியும். வெட்டிவேர் முதலிய ஆழவேர்ப் புற்களையும் மரங்களையும் வளர்த்தால், அவற்றின் வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். முதலில் எடுத்த மேல்மண்ணைத் தனியே காத்து வைத்து, இறுதியில் குன்றின்மேல் பரப்பினால் பயிர் எளிதில் பற்றும். இவற்றைச் செய்யாது குளத்தை மட்டும் வெட்டுதல், கூரையின் ஓட்டையை அடைக்காமல் வீட்டினுள் பாத்திரம் வைப்பதை ஒக்கும்.

இனி, குளத்தின் அளவை எவ்வாறு துணிவது? மண்ணின் துகள் நீரில் எவ்வளவு விரைவாகக் கீழிறங்கும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். இதற்குரிய விதியை இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜில் வாழ்ந்த கணித அறிஞர் ஜார்ஜ் கேபிரியல் ஸ்டோக்ஸ் 1851ஆம் ஆண்டில் வெளியிட்டார். துகளின் விட்டம் பாதியானால், அது இறங்கும் வேகம் பாதியாகாது. நாலில் ஒன்றாகும் என்பது அவ்விதியின் சாரம். நம் நாட்டு வெப்பநிலையில், 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 2 நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் விட்டமுள்ள வண்டல் துகளுக்கு 3 மணி நேரம் வேண்டும். 0.001 மில்லிமீட்டர் விட்டமுள்ள களிமண் துகளுக்கோ பன்னிரண்டு நாள் ஆகும். எனவே குளம் நீருக்கு அளிப்பது யாதெனின், காலமே ஆகும். நீர் எவ்வளவு காலம் நிற்கின்றதோ, அவ்வளவுக்கு அது தெளியும்.

ஒரு கணக்கினால் இதனை விளக்குவோம். சுரங்கத்தின் ஒரு பகுதி 20 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 50 ஏக்கர், என்று கொள்வோம். அங்கே ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அம்மழைநீர் 20,000 கன மீட்டர். அதில் பாதி மண்ணில் ஊற, மறுபாதியாகிய 10,000 கன மீட்டர் ஓடி வருமாயின், அதனைக் குளம் ஏற்றல் வேண்டும். ஏற்ற நீரை 24 மணி நேரத்தில் மெல்ல வெளிவிடுவதாயின், நொடிக்கு ஏறத்தாழ 0.116 கன மீட்டர் வெளிச்செல்லும். இதனைத் துகள் இறங்கும் வேகத்தால் வகுத்தால், குளத்திற்கு வேண்டிய பரப்பு கிடைக்கும். 0.01 மில்லிமீட்டர்த் துகளைப் பிடிக்க ஏறத்தாழ 1,300 சதுர மீட்டர் போதும். அதிற்பாதியாகிய 0.005 மில்லிமீட்டர்த் துகளையும் பிடிக்கவேண்டுமானால், ஏறத்தாழ 5,200 சதுர மீட்டர் வேண்டும். துகள் பாதியாயிற்று, பரப்போ நாலு மடங்காயிற்று. நீளம் 130 மீட்டரும் அகலம் 40 மீட்டரும் உடைய குளம் இப்பரப்பினதாகும். அதில் இரண்டு மீட்டர் ஆழம் நீருக்கு விட்டால், ஓடிவந்த 10,000 கன மீட்டரும் அடங்கும். படியும் மண்ணுக்கு அடியில் ஒரு மீட்டர் வேறாக விடவேண்டும்.

இதனால் ஓர் உண்மை விளங்கும். துகளைப் பிடிப்பதில் ஆழத்தைவிடப் பரப்பே சிறந்தது. கிணறுபோல ஆழ்ந்த குழியினும், தாம்பாளம்போல அகன்ற குளம் நீரை நன்கு தெளிவிக்கும். ஆயினும் பரப்பு மட்டும் இருந்தாற் போதாது, வடிவமும் வேண்டும். நீர் புகும் வாயும் நீங்கும் வாயும் அருகருகே இருந்தால், வந்த நீர் குளம் முழுதும் பரவாது குறுக்குவழியே ஓடிவிடும். எஞ்சிய குளம் பயனின்றிக் கிடக்கும். ஆகவே இரண்டு வாய்களும் எதிரெதிர் கோடியில் அமையவேண்டும். நீளம் அகலத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாது, மும்மடங்காயின் இன்னும் நலம். இடம் வாய்க்காவிடில், குளத்தினுள் குறுக்கே தடுப்புகள் வைத்து நீரை வளைந்து வளைந்து செல்லச் செய்யலாம். புகும் வாயில் சரளைக் கல்லைப் பரப்பி வேகத்தைத் தணிப்பதோடு, அங்கேயே சிறுகுழியொன்று வெட்டினால் பெருமணல் அதில் தங்கிவிடும்.

இங்கே ஏரிக்கும் வண்டற்குளத்திற்கும் உள்ள வேறுபாடு இரண்டினை நினைவிற் கொள்க. ஏரியின் மதகு அடியிலிருந்து நீரை விடும். வண்டற்குளத்தின் வாயோ மேற்பரப்பிலிருந்து நீரைக் கொள்ள வேண்டும். ஏனெனில், முதலில் தெளிவது மேல்நீரே. ஏரி நிறைந்திருப்பது ஊருக்கு மகிழ்ச்சி. வண்டற்குளமோ அடுத்த மழை வருமுன் வடிந்திருத்தல் வேண்டும். நிறைந்த குளத்தில் மேலும் சேற்றுநீர் புகுந்தால், அது நில்லாமல் அப்படியே வெளியேறும். ஏரி நாளைய தேவைக்கு நீரைக் காக்கின்றது; வண்டற்குளம் நாளைய மழைக்கு இடத்தைக் காக்கின்றது.

மிக நுண்ணிய களிமண் பன்னிரண்டு நாள் நிற்கும் என்றோமே, அதற்கு என் செய்வது? நம் பாட்டிமார் இதற்கு வழி அறிந்திருந்தனர். கலங்கிய நீருள்ள குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து வைப்பர். சிறிது நேரத்தில் நீர் தெளியும். தனித்தனியே மிதந்த துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிக் கனம் பெற்று இறங்குவதே அதன் காரணம். படிகாரமும் இவ்வாறே செய்யும். சுரங்கங்களிலும் தேவை நேரும்போது இத்தகைய பொருள்களை அளவறிந்து நீரில் கலப்பர். நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து ஆறு முதலிய நீர்நிலைகளுக்கு வெளிவிடும் நீரில், ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் மண்துகள் மிதத்தலாகாது என இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் விதி வகுத்தது. இவ்வளவு சிறிய அளவைக் கருதுவானேன் என்னலாம். முன்னைக் கணக்கிலுள்ள 10,000 கன மீட்டர் நீர், லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் மண்ணைச் சுமந்து வந்ததாகக் கொண்டால், ஒரே மழையில் வரும் மண் 50 டன். குளம் அதனை விதிக்குட்பட்ட அளவிற்குத் தெளிவித்தால், வெளிச்செல்வது ஒரு டன் மட்டுமே. எஞ்சிய 49 டன் பிறர் ஏரியில் சேராமல் தடுக்கப்பட்டதாகும்.

குளத்திற்கு இன்றியமையாத மற்றோர் உறுப்பு கலிங்கு. கணக்கிட்ட மழையினும் மிகுந்த மழை ஒரு நாள் வந்தே தீரும். அன்று நீர் கரையின்மேல் வழிந்தால், கரை அரிப்புண்டு உடையும். ஆதலின் கரையினும் தாழ்ந்த மட்டத்தில், கல் பாவிய அகன்ற கலிங்கு வேண்டும். மதுராந்தகத்து ஏரிக்கரை மழைக்காலங்களில் உடைந்து துன்பம் விளைத்ததையும், 1790களில் ஆட்சித்தலைவராக இருந்த லயனல் பிளேஸ் அதனைச் செப்பனிட்டதையும் அவ்வூரார் இன்றும் சொல்வர். கரை உடையாமல் இராமனே நின்று காத்தான் என்பது செவிவழிச் செய்தி. அங்குள்ள கோயில் ஏரி காத்த இராமர் கோயில் என்றே வழங்குகின்றது. கரையுடைப்பை மக்கள் எவ்வளவு அஞ்சினர் என்பதற்கு அப்பெயரே சான்று.

அவ்வச்சம் வீணன்று. அமெரிக்க நாட்டின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பஃபலோ கிரீக் என்னும் பள்ளத்தாக்கு உளது. அங்கே நிலக்கரி கழுவிய நீரைத் தேக்கித் தெளிவிக்க, கரிக்கழிவையே கொட்டி அணை எழுப்பியிருந்தனர். மிகைநீர் செல்ல ஏற்ற கலிங்கு அமைக்கவில்லை. 1972ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் காலையில், மழையால் நீர் உயர்ந்து அணை உடைந்தது. கரிய வெள்ளம் பள்ளத்தாக்கிலுள்ள ஊர்களை வாரிச் சென்றது. 125 பேர் மாண்டனர். ஏறத்தாழ 4,000 பேர் வீடிழந்தனர். பின்னர் 1977இல் அந்நாட்டில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களை நெறிப்படுத்தும் சட்டம் பிறந்தது. சுரங்க நீர் வண்டற்குளத்தின் வழியே செல்லவேண்டும் என்பதும், அக்குளத்திற்குத் தக்க கலிங்கு வேண்டும் என்பதும் அதன்வழி வந்த விதிகளுள் அடங்கும். நன்மைக்கென அமைத்த குளமே, அமைப்பிற் பிழைப்பின் கூற்றாகும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இறுதியாகக் கருதத்தக்கது தூர் வாருதல். முன்னைக் கணக்கின்படி ஒரு பெருமழைக்கு 49 டன் மண் குளத்தில் தங்கும். அது குளம் முழுதும் சமமாகப் பரவினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். ஆண்டிற்குப் பத்துப் பெருமழை எனின், பத்தாண்டில் மண்ணுக்கென விட்ட ஒரு மீட்டர் நிரம்பிவிடும். உண்மையிலோ மண் சமமாகப் படியாது. புகும் வாயருகே விரைவில் மேடிட்டு நீரின் போக்கையே மாற்றிவிடும். ஆகவே குளத்தில் அளவுகோல் நட்டு, குறித்த மட்டத்தை மண் எட்டியதும் கோடையிலேயே வாரிவிட வேண்டும். வாரிய மண்ணை மழை மீண்டும் அடித்துவராத இடத்தில் சேர்க்க வேண்டும்.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த வகையைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரியைக் காப்பதற்கென்றே ஏரி வாரியம் என்பது ஒன்று. ஏரியில் ஆண்டுதோறும் தூர் எடுப்பதற்கென அறக்கட்டளைகள் வைக்கப்பட்டதையும் அவ்வூர்க் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. ஏரியைக் கட்டுவதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் எண்ணவில்லை. காப்பதற்கு ஆளையும், அதற்குரிய பொருளையும் ஏற்படுத்தி, அதனைக் கல்லிலும் வெட்டி வைத்தனர். இன்று சுரங்கத்தில் குளம் அமைக்கும் பொறியாளர் கற்கத்தக்கது இதுவே. குளத்தின் வரைபடத்தில் நீளமும் அகலமும் குறித்தாற் போதாது; அதனைத் தூர் வாருபவர் யார், எப்பொழுது, எப்பொருளைக்கொண்டு என்பதையும் குறித்தல் வேண்டும்.

மாணவர்களே! நிலக்கரி நாட்டிற்கு வேண்டும். மின்விளக்கு நமக்கு வேண்டும். ஆனால், விளக்கொளியைப் பெறுவோர் ஓரிடத்திலும், அதற்காக வெட்டிய மண்ணைச் சுமப்போர் வேறிடத்திலும் இருத்தல் நீதியாகாது. மேட்டிலிருப்பவன் விடும் நீரே பள்ளத்திலிருப்பவன் பெறும் நீர். வந்த நீரைத் தெளிவித்து அனுப்புதல் மேட்டிலிருப்பவனின் கடன். நாளை உங்களுட் சிலர் பொறியாளராகலாம். சிலர் சுரங்கத்தில் பணிபுரியலாம். சிலர் ஊராட்சியில் பொறுப்பேற்கலாம். சிலர் உழவராகவே இருந்து நீரை எதிர்நோக்கலாம். எந்நிலையில் இருப்பினும், கீழேயுள்ள வயலை நினைத்து மேலேயுள்ள குளத்தைக் காப்பீர்களாக.